வீடு நிறைய ஆள் இருந்தும்...

போன பொங்கலுக்கு எங்கள் வீட்டில் 11 பேர். நாத்தனார் குடும்பம், கொழுந்தனார் குடும்பம், பிள்ளைகள் என்று கால் வைக்க இடமில்லை. சாயங்காலம் அத்தைக்குக் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு, ஜன்னல் பக்கம் பார்த்தபடியே, "எனக்கு இங்க யாருமே இல்லம்மா" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. விடிகாலையில் எழுந்து வெந்நீர் வைப்பதென்ன, வேளாவேளைக்கு மாத்திரை எடுத்துத் தருவதென்ன, ராத்திரி முழங்காலுக்குத் தைலம் தேய்ப்பதென்ன! "யாருமே இல்லையா? அப்ப நான் யாரு?" என்று தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. பண்டிகை நாளாயிற்றே என்று விழுங்கிக்கொண்டேன். அந்தக் கோபமெல்லாம் ராத்திரி வெண்பொங்கல் பானையைத் தேய்க்கும்போதுதான் தீர்ந்தது.

என் மகள் கல்லூரியில் உளவியல் படிக்கிறாள். அவளிடம் சொல்லிப் புலம்பினேன். "அம்மா, தனியா இருக்கறது வேற, தனிமை வேற. பாட்டி பொய் சொல்லல" என்றாள். பாட்டிக்குப் பரிந்து பேசுகிறாளே என்று முதலில் எனக்கு எரிச்சல்தான். ஆனால் மறுநாள் தன் பாடக் குறிப்புகளை எடுத்துவந்து உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிப் புரியவைத்தாள். கேட்கக் கேட்க, நான் நினைத்திருந்தது பாதிக்கு மேல் தப்பு என்று தெரிந்தது. அதைத்தான் இந்த இதழில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

வெளிநாட்டில்தான் வயதானவர்கள் தனிமையில் வாடுகிறார்கள், நமக்குக் குடும்பம் இருக்கிறது, அந்தக் கவலை இல்லை என்று நாம் எல்லோரும் சொல்வதுண்டு, இல்லையா? பின்லாந்து நாட்டைச் சேர்ந்த யூல்ஹா, யோகெலா என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஐரோப்பாவின் வடகோடியிலிருந்து தெற்கே கிரீஸ் வரைக்கும் பல ஊர்களில் வயதானவர்கள் சொன்னதை ஒப்பிட்டு 1990ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வடக்கே தனி வீட்டில் தனியாக வசிக்கும் முதியவர்கள் அதிகம். தெற்கே போகப் போக அது குறைந்துகொண்டே வருகிறது. மகன் வீடு, மகள் வீடு என்று சேர்ந்திருக்கிறார்கள். அப்படியானால் தனிமையும் தெற்கே குறைய வேண்டும் அல்லவா? அதுதான் இல்லை! தலைகீழாக இருந்தது. "எனக்குத் தனிமையாக இருக்கிறது" என்று சொன்னவர்கள் தெற்கே போகப் போக அதிகமானார்கள். தனி வாழ்க்கை எங்கே அபூர்வமோ, சொந்தபந்தம் எங்கே கெட்டியோ, அங்கேதான் தனிமைப் புலம்பல் அதிகம்.

இது எப்படி? எனக்கும் முதலில் புரியவில்லை. சமையல் கணக்கில் யோசித்தபோதுதான் பிடிபட்டது. தினமும் கஞ்சியும் துவையலும் சாப்பிட்டுப் பழகியவருக்கு ஒரு நாள் அப்பளம் பொரித்துப் போட்டால் விருந்து. தலைவாழை இலையில் சாப்பிட்டுப் பழகியவருக்குப் பாயசம் இல்லையென்றால் அது குறை. இலையில் என்ன இருக்கிறது என்பது மட்டுமல்ல, என்ன இருக்கும் என்று எதிர்பார்த்து உட்கார்ந்தோம் என்பதும் கணக்கு. பெப்லாவ், பெர்ல்மன் என்ற இரு உளவியலாளர்கள் 1982ல் தனிமையைப் பற்றித் தொகுத்த புத்தகத்திலும் இதே கருத்துதான் இருக்கிறதாம். நாம் விரும்புகிற உறவுக்கும் நமக்குக் கிடைத்திருக்கிற உறவுக்கும் நடுவில் விழுகிற இடைவெளிதான் தனிமை என்கிறார்கள்.

ஸ்வீடனையும் பின்லாந்தையும் பாருங்கள். பிள்ளைகள் சராசரியாக 21 வயதை ஒட்டியே பெற்றோர் வீட்டை விட்டுத் தனியாகப் போய்விடுகிறார்கள். அப்பா அம்மாவுக்கு அதில் வருத்தமில்லை. பிள்ளை தன் காலில் நிற்கிறான் என்று பெருமை. ஸ்வீடனில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு நகராட்சிக்கு. வீட்டுக்கே ஆள் அனுப்பிக் குளிக்க வைப்பார்கள், வீடு கூட்டித் தருவார்கள். மகன் கையில்தான் கடைசிக் கவளம் என்று அந்த அம்மாள் நினைத்து வளரவில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை மகன் போன் செய்தால் அதுவே அவருக்குச் சந்தோஷம்.

இத்தாலியிலும் கிரீஸிலும் பிள்ளை வீட்டை விட்டுக் கிளம்பவே சராசரியாக 30 வயது ஆகிறது. கல்யாணம் ஆன பிறகும் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு அம்மா வீட்டில்தான் என்பது அங்கே நெடுநாள் வழக்கம். ஒரு ஞாயிறு மகனுடைய நாற்காலி காலியாக இருந்தால் அந்தத் தாய்க்கு எப்படி இருக்கும்? நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. நம் நாட்டில் பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்று 2007ல் சட்டமே வந்திருக்கிறது. சாப்பாட்டுக்குச் சட்டம் போடலாம். பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதற்கு எந்தச் சட்டம் போட முடியும், சொல்லுங்கள்!

ஜான்சன், மல்லின்ஸ் என்ற இருவர் 1987லேயே இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழில் சொன்னால், 'தனிமையின் வாசல்படி'. எந்த அளவுக்கு உறவு குறைந்தால் ஒருவர் "நான் தனியாகிவிட்டேன்" என்று உணர்கிறாரோ, அந்த அளவு. தனித்து நிற்பதை மெச்சுகிற சமூகத்தில் அந்த வாசலைத் தாண்டி உள்ளே விழ நிறையக் குறை வேண்டும். குடும்பமே எல்லாம் என்கிற சமூகத்தில் சின்னக் குறை போதும், கால் தடுக்கிவிடும்.

இதைப் படித்துவிட்டு ஸ்வீடன்காரர்களைப் போல் நாமும் ஆளுக்கொரு வீடாகப் பிரிந்துவிட்டால் நிம்மதி என்று யாரும் பெட்டி கட்ட வேண்டாம்! ஒரே நாட்டுக்குள் பார்த்தால், தனியாக வசிப்பவர்களுக்குத்தான் தனிமை உணர்வு அதிகம். அதோடு 2018ல் பி.பி.சி. வானொலி ஒரு பெரிய கேள்விக்கொத்து நடத்தியது. உலகமெங்கும் சுமார் 55,000 பேர் பதில் சொன்னார்கள். அதை வைத்து 2021ல் வந்த ஆராய்ச்சியில், 'நான், என் வழி' என்று வாழும் சமூகங்களில்தான் தனிமை கூடுதல் என்றும், அதிலும் இளவயது ஆண்கள்தான் அதிகம் பாதிக்கப்படுகிறார்கள் என்றும் வந்திருக்கிறது. முதலில் சொன்னதற்கு நேர்மாறாக இருக்கிறதே என்று மகளைக் கேட்டேன். "அது வயசானவங்களைப் பத்தினது, இது 16 வயசுலேர்ந்து எல்லாரும். அதுவும் தானா முன்வந்து பதில் சொன்னவங்க. ரெண்டும் ஒரே கேள்வி இல்லம்மா" என்றாள். எனக்குத் தோன்றியது, ஒவ்வொரு ஊர் வழக்கமும் ஒரு சாராரை அணைத்துக்கொள்கிறது, இன்னொரு சாராரை வெளியே நிறுத்திவிடுகிறது.

ஜப்பானை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களும் நம்மைப் போலப் பெரியவர்களை மதிக்கிறவர்கள், குடும்பம் என்று வாழ்ந்தவர்கள். ஆனால் அங்கே 'மெய்வாகு' என்று ஒரு சொல் உண்டு. அடுத்தவருக்குத் தரும் தொந்தரவு என்று பொருள். அந்தத் தொந்தரவைத் தரக்கூடாது என்று சின்னக் குழந்தையிலிருந்தே சொல்லி வளர்க்கிறார்கள். எவ்வளவு நல்ல குணம்! ரயிலில் கூடச் சத்தமாகப் பேச மாட்டார்கள். ஆனால் அதே குணம் வயதான காலத்தில், "எனக்கு முடியவில்லை, கொஞ்சம் வா" என்று பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட விடாமல் செய்துவிடுகிறது. டோக்கியோவுக்குப் பக்கத்தில் டோக்கிவாடைரா என்று ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு. அங்கே 2000ல் 69 வயது ஆண் ஒருவரின் எலும்புக்கூட்டை வீட்டுக்குள் கண்டெடுத்தார்கள். இறந்து 3 வருஷம் ஆகியிருந்தது. வாடகையும் மின்கட்டணமும் வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே போய்க்கொண்டிருந்ததால் யாரும் கதவைத் தட்டவில்லை. பணம் தீர்ந்த பிறகுதான் தேடி வந்தார்கள். இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தனிச் சாவுக்கென்றே 'கொடோகுஷி' என்று ஒரு வார்த்தை அந்த மொழியில் இருக்கிறது. 2024ல் மட்டும் ஜப்பானில் 76,020 பேர் வீட்டில் தனியாக இருந்து இறந்திருக்கிறார்கள் என்கிறது காவல்துறைக் கணக்கு; அதில் 58,044 பேர் 65 வயதுக்கு மேற்பட்டவர்கள்.

பிரிட்டனில் 2018லும் ஜப்பானில் 2021லும் தனிமையைக் கவனிப்பதற்கென்றே ஒரு மந்திரிக்குப் பொறுப்பு கொடுத்தார்கள். சிரிக்காதீர்கள். தனிமை வெறும் மனக்குறை இல்லை. இருதய நோய், பக்கவாதம், மறதி நோய் வரைக்கும் இழுத்துக்கொண்டு போகிறது. உலகில் 6 பேரில் ஒருவருக்குத் தனிமை இருக்கிறது, அதனால் வருஷத்துக்கு 8,71,000 பேருக்கு மேல் உயிரிழக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2025ல் கணக்குச் சொல்லியிருக்கிறது.

நான் படித்ததில் மனசுக்குப் பிடித்தது நெதர்லாந்துச் செய்திதான். அங்கே யும்போ என்று ஒரு பல்பொருள் அங்காடி. 2019ல் பில் போடும் இடத்தில் ஒரு வரிசையை மட்டும் 'மெதுவான வரிசை' ஆக்கினார்கள். அவசரமில்லாதவர்கள், பேச ஆசைப்படுகிறவர்கள் அங்கே நிற்கலாம். பில் போடுகிற பெண் நிதானமாகப் பேசிக்கொண்டே போடுவாள். நம் தெரு மளிகைக் கடை அண்ணாச்சி, "என்னம்மா, பேரனுக்குக் காய்ச்சல் விட்டுச்சா?" என்று கேட்டுக்கொண்டே பருப்பு நிறுப்பதை அவர்கள் திட்டம் போட்டுச் செய்ய வேண்டியிருக்கிறது. நாமோ அந்த அண்ணாச்சியை விட்டுவிட்டுப் போனிலேயே சாமான் வரவழைக்க ஆரம்பித்துவிட்டோம். நானும்தான்.

சரி, நம் வழக்கம் யாரை வெளியே நிறுத்துகிறது? கல்யாண வீட்டில் கூடம் நிறையச் சொந்தம் இருக்கும்போது, தாலிக்கு அட்சதை போட முன்னால் வரத் தயங்கி, தூணோரமாக நிற்கிற கணவனை இழந்த பெண்ணைக் கேளுங்கள். உறவு அடர்த்தியான இடத்தில்தான் ஒதுக்கலும் அதிகம் வலிக்கும்.

இன்னொருத்தியும் இருக்கிறாள். எங்கள் மேல்வீட்டில் ஒரு இளம்பெண், 4 மாதக் கைக்குழந்தை. மாமனார், மாமியார், கணவன், ஓர்ப்படி எல்லோரும் ஒரே வீட்டில். மொட்டை மாடியில் வடாம் காயப்போடும்போது திடீரென்று அழுதாள். "பேச ஆளே இல்லக்கா. சொன்னா, வீடு நிறைய ஆள் இருக்காங்க, உனக்கென்ன குறைச்சல்னு கேப்பாங்க" என்றாள். 'வீட்டு விஷயம் வாசப்படி தாண்டக்கூடாது' என்று சொல்லித்தான் அவளை அனுப்பியிருக்கிறார்கள். என்னையும் அப்படித்தான் அனுப்பினார்கள். ஸ்வீடனில் தனியாக இருப்பவள், "எனக்குத் தனிமை" என்றால் காரணம் கேட்காமல் நம்புவார்கள். கூட்டுக் குடும்பத்தில் இருப்பவள் சொன்னால் அவளுக்குத் திமிர் என்பார்கள். (பிரசவமான முதல் இரண்டு வாரம் கண்ணில் நீர் தளும்புவது பலருக்கும் உண்டு. அதற்கு மேலும் அழுகை நிற்காவிட்டால், குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வராவிட்டால், தயங்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணை நானே அழைத்துப் போனேன்.)

அத்தை விஷயத்துக்கு வருகிறேன். 3 வருஷம் முன்பு அவருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆயிற்று. அன்றிலிருந்து அவரை நாங்கள் அடுப்படிப் பக்கம் விடவில்லை. "நீங்க உக்காருங்க அத்தை, நாங்க பாத்துக்கறோம்." எவ்வளவு மரியாதையாகச் சொன்னோம்! 40 வருஷமாக இந்த வீட்டில் எத்தனை படி அரிசி, யாருக்கு என்ன சீர், எந்தப் பண்டிகைக்கு என்ன பலகாரம் என்று தீர்மானித்தவர் அவர். மரியாதை என்ற பெயரில் அத்தனையையும் பிடுங்கி, ஜன்னலோரம் ஒரு நாற்காலியைப் போட்டுக் கொடுத்துவிட்டோம். மருந்தைத் தருகிறேன், தைலம் தேய்க்கிறேன். அவரிடம் ஒன்றைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று யோசித்தேன். நினைவே வரவில்லை.

ஒரு நாள் மாவுக்கு ஊறப்போடும்போது, "அத்தை, உளுந்து எவ்வளவு போடட்டும்?" என்றேன். 22 வருஷமாக நான்தான் போடுகிறேன். அது அவருக்கும் தெரியும். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பழைய உளுந்தா, புதுசா?" என்றார். எனக்குத் தெரியவில்லை. கொண்டுவரச் சொல்லிக் கையில் அள்ளிப் பார்த்து, பழசுதான், ஒரு கைப்பிடி கூடப் போடு என்றார்.

இப்போது நாற்காலி அடுப்படி வாசலுக்கு வந்துவிட்டது. இதனால் எல்லாம் சுகமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். உப்பை முன்னாலேயே போட்டுவிடுகிறேன் என்று தினம் ஒரு குறை. சில நாள், ஏன்தான் கேட்டேனோ என்று இருக்கும். மாமா வேலை விட்டு வீட்டுக்கு வருகிற ஆறு மணிக்கு இன்றும் அந்த ஜன்னலைத்தான் பார்க்கிறார். அந்த இடத்தை உளுந்தாலும் அரிசியாலும் நிரப்ப முடியாது என்று எனக்கும் தெரியும்.

போன வாரம் மாவு புளித்துவிட்டது என்று எங்களுக்குள் சண்டை. அரை நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாயங்காலம் காபி கொண்டுபோனேன். டம்ளரை வாங்கிக்கொண்டு, மாடியிலிருந்து கேட்ட குழந்தையின் அழுகையைக் கொஞ்ச நேரம் கவனித்தார்.

"அந்தப் பொண்ணைக் கீழ வரச் சொல்லு. குழந்தையை நான் மடியில வெச்சுக்கறேன், அவ அரை மணி தூங்கட்டும்" என்றார்.