பத்து நாள் ஊழியம்

மரக்காணம் உப்பளக் கரையைச் சேர்ந்த கிறிஸ்தவ இளைஞர் ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய தகப்பனார் உப்பளத்தில் கூலி வேலை செய்பவர். அவரோ பட்டம் பெற்றுச் சென்னையில் உத்தியோகத்தில் இருக்கிறார். அவருடைய சபையார் நேபாளத்துக்குப் பத்து நாள் ஊழியமாக ஒரு குழுவை அனுப்ப உத்தேசித்து, அவரையும் அழைத்திருக்கிறார்கள். தலைக்கு நாற்பதாயிரம் ரூபாய் திரட்ட வேண்டும். ஊரில் காணிக்கை வசூலித்தபோது, மழைக்கால அடுப்புக்கென்று சேர்த்து வைத்ததிலிருந்து தாயார் இரண்டாயிரம் ரூபாயை எடுத்துக் கொடுத்துவிட்டாராம். அது முதல் தமக்கு மனம் நிலைகொள்ளவில்லை என்றும், இந்தப் பிரயாணம் சட்டத்துக்கு ஒத்ததா, தர்மத்துக்கு ஒத்ததா என்று நாம் சொல்ல வேண்டுமென்றும் கேட்கிறார். இதே கேள்வி இன்று தமிழ்நாட்டில் பல இளைஞர்களின் முன் நிற்பதால், பதிலைப் பகிரங்கமாகவே எழுதுகிறோம்.

ஒரு விஷயத்தை முதலில் தெளிவுபடுத்திவிட வேண்டும். தமது மதத்தைப் பிறருக்கு எடுத்துரைப்பது குற்றம் என்று கருதுவோரின் கூட்டத்தில் நாம் இல்லை. பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு, மதத்தை அனுசரிக்கவும் பரப்பவும் நமது அரசியலமைப்பின் 25-ஆவது விதி எல்லோருக்கும் உரிமை அளிக்கிறது. பரப்பும் உரிமை என்பது பிறரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று சுப்ரீம் கோர்ட்டு 1977-இல் தீர்ப்புக் கூறியது. ஆகவே, இந்த இளைஞர் ஏன் போகிறார் என்று நாம் கேட்கவில்லை. எப்படிப் போகிறார், யார் செலவில் போகிறார், அவர் திரும்பிய பிறகு அங்கே இருப்பவர்களின் கதி என்ன என்றே கேட்கிறோம்.

சட்டம் என்ன சொல்லுகிறது? இந்தியப் பிரஜைகள் நேபாளம் செல்ல வீசா வேண்டியதில்லை. எல்லையைக் கடப்பது சுலபம் என்பதாலேயே அங்குள்ள சட்டத்தையும் சுலபமாக எண்ணிவிடுகிறார்கள். 2015-ஆம் வருஷத்து நேபாள அரசியலமைப்பு, ஒருவரை ஒரு மதத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதைத் தடுக்கிறது. 2018 ஆகஸ்டில் அமுலுக்கு வந்த குற்றவியல் சட்டம் அதற்கு ஐந்து வருஷம் வரை சிறையும் ஐம்பதினாயிரம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. குற்றவாளி அந்நியரானால் தண்டனைக்குப் பின் நாடு கடத்தப்படுவார். இந்தச் சட்டம் நியாயமானது என்று நாம் வாதாட வரவில்லை. ஆனால் ஒரு நாட்டின் விருந்தாளியாக நுழைபவர், அந்த நாட்டுச் சட்டத்தை அறியாமல் நுழைவது அழகல்ல. அறிந்தும் மறைந்து நடப்பது அதைவிடக் கேவலம். விருந்தாளி பதினோராவது நாள் ரயில் ஏறிவிடுவார். அவருக்கு வீடு கொடுத்தவரும், அவர் பேச்சை மொழிபெயர்த்தவரும் அங்கேயேதான் இருப்பார்கள். போலீசார் முதலில் அவர்கள் கதவைத்தான் தட்டுவார்கள்.

இது வெறும் ஊகமன்று. 2018 நவம்பரில் ஜான் ஆலன் சாவ் என்ற இருபத்தாறு வயது அமெரிக்கர், அந்தமானில் வடக்கு சென்டினல் தீவுக்குச் சுவிசேஷம் கூறச் சென்று, தீவின் பூர்வகுடிகளால் கொல்லப்பட்டதை வாசகர்கள் அறிவார்கள். அத்தீவை அணுகுவதை 1956-ஆம் வருஷத்து ஒழுங்குவிதி தடைசெய்திருந்தது. வெளியுலகத்து நோய்களுக்கு ஈடுகொடுக்கும் சக்தி அம்மக்களுக்கு இல்லை என்பதும் தெரிந்த விஷயமே. சாவ் துணிச்சலுள்ளவர், தமது நம்பிக்கைக்கு உண்மையானவர் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. அவரைப் பற்றி உலகமெங்கும் எழுதினார்கள். பணம் பெற்றுக்கொண்டு இரவில் அவரைப் படகில் ஏற்றிச் சென்ற செம்படவர்கள் கைதானார்கள். அவர்கள் குடும்பங்களைப் பற்றி எழுதியவர்கள் மிகச் சிலரே. பக்தி ஒருவருடையது, பாரம் மற்றொருவருடையது. கடலோரத்தில் பிறந்த நமது இளைஞருக்கு இந்த வித்தியாசத்தை விரித்துரைக்க வேண்டியதில்லை.

அடுத்தது பணம். 1998-இல் மிட்ச் என்ற பெரும் புயல் மத்திய அமெரிக்காவில் ஹோண்டுராஸ் நாட்டைச் சிதைத்தது. வட அமெரிக்கச் சபைகளிலிருந்து குழுகுழுவாக வந்து வீடு கட்டிக் கொடுத்தார்கள். பிற்பாடு கர்ட் வெர் பீக் என்ற கிறிஸ்தவப் பேராசிரியர் இதை ஆராய்ந்து 2006-இல் பிரசுரித்தார். வந்தவர்களின் பிரயாணச் செலவையும் சேர்த்தால், அவர்கள் கட்டிய ஒரு வீட்டுக்கு ஆன செலவு சுமார் 30,000 டாலர். உள்ளூர் ஸ்தாபனம் உள்ளூர்க் கொத்தனாரைக் கொண்டு கட்டிய வீட்டுக்குச் சுமார் 2,000 டாலர். ஒன்றின் விலையில் பதினைந்து! யார் கட்டிய வீடானாலும், குடியிருப்போரின் வாழ்க்கையில் அதனால் வித்தியாசம் எதுவும் காணப்படவில்லை. வந்து போனவர்களிடமும் நீடித்த மாறுதல் அதிகம் இல்லை என்பதே அவர் கண்ட முடிவு. மாற்று மதத்தார் குறை கூறினால் துவேஷம் எனலாம். இது அம்மதத்தவர் ஒருவரே எடுத்த கணக்கு.

இனி, குறுகிய வருகையால் நன்மையே விளையாதா என்று கேட்டால், விளையும் என்போம். அதற்குச் சாட்சி தேட ஹோண்டுராஸ் செல்ல வேண்டாம். மரக்காணத்திலிருந்து சுமார் 35 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள திண்டிவனமே போதும். 1890-ஆம் வருஷத்தில் ஐடா ஸ்கட்டர் என்ற இளம்பெண், நோயுற்ற தாயாருக்கு உதவியாகச் சில காலம் இருந்துவிட்டுத் திரும்பும் எண்ணத்துடன் அமெரிக்காவிலிருந்து அங்கே வந்திருந்தார். ஒரே இரவில் மூன்று பேர், ஒருவர்பின் ஒருவராக, பிரசவ வேதனையில் இருந்த தங்கள் மனைவியரைக் காப்பாற்ற வரும்படி அவரை அழைத்தார்கள். வைத்தியரான அவருடைய தகப்பனார் வரத் தயாராக இருந்தும், ஆண் வைத்தியர் கூடாது என்று மறுத்துவிட்டார்கள். ஐடாவோ வைத்தியம் அறியாதவர். விடிவதற்குள் மூன்று பெண்களும் மாண்டார்கள்.

அந்த அம்மையார் அன்று என்ன செய்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். தெரியாத வைத்தியத்தைத் தெரிந்ததுபோல் செய்யத் துணியவில்லை. கண்ணீர் வடித்துவிட்டு ஊர் திரும்பிப் பிரசங்கம் செய்து திரியவும் இல்லை. தமக்கு ஒன்றும் தெரியாது என்பதை உணர்ந்தார். அமெரிக்கா சென்று வைத்தியம் படித்து, 1899-இல் பட்டம் பெற்று, 1900-இல் வேலூர் வந்து சேர்ந்தார். 1918-இல் பெண்களுக்கு வைத்தியப் பள்ளி தொடங்கினார். 1960-இல் இந்த மண்ணிலேயே காலமானார். திண்டிவனத்து வருகை பயன்பட்டது என்றால், பின்னால் வைத்தியப் படிப்பும் அறுபது வருஷ வாசமும் அதைத் தொடர்ந்ததால்தான்.

நம்மவரிலும் உதாரணம் உண்டு. திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1902-இல் யாழ்ப்பாணம் சென்றார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் அந்நியர் பணத்தை எதிர்பாராமல் தாங்களே ஊழியர்களை அனுப்புவதைக் கண்டார். மறு வருஷமே திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியது. 1909-இல் அவரே நிஜாம் சீமையிலுள்ள தோர்ணக்கல்லுக்குச் சென்று, தெலுங்கு கற்று, 1945-இல் உயிர் பிரியும்வரை அங்கே உழைத்தார். மதமாற்றத்தைப் பற்றி மகாத்மா காந்திக்கும் அவருக்கும் கடுமையான அபிப்பிராய பேதம் இருந்தது. அவ்விஷயத்தில் நமது மனம் காந்தியடிகளின் பக்கமே சாய்கிறது. எனினும், அசரியா விருந்தாளியாக வந்து போனவர் என்று அவருடைய எதிரியும் சொல்ல முடியாது. வெள்ளைக்கார மிஷனெரிகள் இந்தியரைச் சிநேகிதராக நடத்துவதில்லை என்று 1910-இல் எடின்பரோ மகாநாட்டில் அவர்கள் முகத்துக்கு நேரே கூறியவரும் அவரே. அந்தக் குறையை இன்று நேபாளத்து ஏழை நம்மவர்மீது சொல்ல இடம் வைக்கலாமா?

உப்பளத்தில் பிறந்தவருக்கு உப்பையே சாட்சியாகக் கூறுவோம். மழை ஓய்ந்ததும் சேறு வாரி, களியை மிதித்து மிதித்து, தரையை இறுக்கிப் பாத்தி கட்டுகிறார்கள். நீரை ஒரு பாத்தியிலிருந்து மறு பாத்திக்குக் கடத்தி, வெயிலில் முறுக விட்டுக் காத்திருக்கிறார்கள். அவசரப்பட்டு வாரினால் சேறே மிஞ்சும். 2024 நவம்பர் 30 அன்று கரை கடந்த ஃபெஞ்சல் புயலின் மழையில் மரக்காணத்து அளங்கள் நீரில் மூழ்கின. அப்போதும் தொழிலாளர் முதலிலிருந்து மிதிக்கத் தொடங்கினார்களே அன்றி, பத்து நாளில் உப்பு எடுக்க நினைக்கவில்லை. கிறிஸ்து தம் சீடர்களை உப்புக்கு ஒப்பிட்டார் என்பது இளைஞருக்குத் தெரியும். உப்பு விளையும் விதம் அவருடைய சபையாரைக் காட்டிலும் அவருடைய தகப்பனாருக்கு நன்றாகத் தெரியும்.

ஆகையால் நமது யோசனை இது. இவ்வருஷம் போக வேண்டாம். தாயார் கொடுத்த இரண்டாயிரத்தை முதலில் தாயாரிடம் சேர்க்க வேண்டும். மழைக்கால முன்பணத்தில் சிக்கியிருக்கும் உப்பளக் குடும்பங்கள் எத்தனை என்று சபையார் கணக்கெடுக்கட்டும். வெண்மையின் கூச்சத்தில் கண் கெட்டும், உப்பு நீரில் கால் வெடித்தும் உழைப்பவருக்குக் கறுப்புக் கண்ணாடியும் ரப்பர் பூட்ஸும் எவ்வளவுக்குக் கிடைக்கும் என்று விசாரிக்கட்டும். நேபாளத்தின்மீது உண்மையான பற்று இருக்குமானால், சென்னையில் காவல் வேலையிலும் ஹோட்டல் வேலையிலும் இருக்கும் நேபாளிகளிடம் இளைஞர் பழகட்டும். ஒரு வருஷம் அவர்கள் பாஷையைக் கற்கட்டும். அதன்பின் அங்குள்ளவர்களே அழைத்தால், அந்நாட்டுச் சட்டம் அனுமதிக்கும் வேலைக்கு, தம் சம்பாத்தியத்தில், ஒளிவு மறைவின்றிப் போகட்டும்.

அப்போது அவர் பத்து நாளில் திரும்ப விரும்பமாட்டார் என்றே நினைக்கிறோம். அப்படி விரும்பினால், போகவேண்டிய அவசியம் ஆதியிலேயே இருக்கவில்லை என்பது அவருக்கே விளங்கிவிடும்.