மூன்றாமவர் அமர்ந்த அறை

என்னிடம் முன்பு பயின்ற இளைஞர் ஒருவரைச் சென்ற மாதம் உளவளத்துணை நிலையமொன்றுக்கு அழைத்துச் சென்றேன். அவர் செவிப்புலனற்றவர். பல வாரங்களாக உறக்கமில்லை, உணவிலும் நாட்டமில்லை. தாயாரும் உடன் வந்திருந்தார்.

துணையாளர் பரிவோடுதான் வினவினார். ஆயின் சைகைமொழி அறியார். வினாவைத் தாயார் கையாற் பெயர்த்தார். மகனின் விடையை வாயாற் பெயர்த்தார். ஒருகட்டத்தில் மகனின் கைகள் நெடுநேரம் அசைந்து ஓய்ந்தன. தாயார் தயங்கினார். "வீட்டிலை எல்லாரும் நல்லாய்த்தான் பாக்கினமாம், ஐயா" என்றார்.

எனக்குச் சைகைமொழி ஓரளவு தெரியும். மகன் கூறியது அதுவன்று. கூறியது யாதென இங்கு எழுதுதல் முறையாகாது. அதனைக் கண்டுகொள்ள நான் அங்கு இருந்ததே முறையன்று.

தாயாரைக் குறைகூறேன். தம்மைப் பற்றிய முறைப்பாட்டைத் தாமே பிறருக்கு எடுத்துரைக்க எந்தத் தாய்க்கு மனம் வரும்? அப்பொறுப்பை அவர்மேற் சுமத்திய ஏற்பாடே பிழையானது.

இயலாமையுடையோரின் உரிமைகளைக் காக்க நம் நாட்டில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் உண்டு. ஐக்கிய நாடுகள் சமவாயத்தை 2016 பெப்ரவரியில் இலங்கை ஏற்று உறுதிசெய்தது. ஏனையோர் பெறும் அதே தரத்திலான சுகாதார சேவையை அதன் 25ஆம் உறுப்புரை வேண்டுகிறது. தொழில்முறைச் சைகைமொழி பெயர்ப்பாளரை 9ஆம் உறுப்புரை பெயர்சுட்டியே கூறுகிறது. நாம் சாய்தளம் கட்டுவதோடு மனநிறைவு கொள்கிறோம். அதுவும் எல்லா இடத்திலுமில்லை. மாடியறையில் உளவளத்துணை நடத்தும் விந்தையையும் கண்டிருக்கிறேன்.

வேறொரு தவறும் உண்டு. காலிழந்தவர் அழுதால் காலுக்காகவே அழுகிறார் எனக் கொள்கிறோம். அவர் கடனுக்காக அழலாம். கைகூடாத காதலுக்காகவும் அழலாம். குறைபாடொன்று கண்ணிற் பட்டதும் வினாக்கள் நின்றுவிடுகின்றன. அன்றும் துணையாளர், "காது கேளாத கவலைதானே" என்று முடிக்கப் பார்த்தார். பிறவியிலிருந்தே கேளாதவருக்கு இருபத்தைந்தாம் வயதிலா அக்கவலை புதிதாய்த் தோன்றும்?

செய்யத்தக்கவை எட்டாதவை அல்ல. இரகசியம் காக்க உறுதியளித்த பெயர்ப்பாளரை மாவட்டந்தோறும் ஊதியத்தோடு அமர்த்தலாம். அவர் தொலைவிலிருப்பின் காணொளி அழைப்பிற் பெறலாம். செவிப்புலனற்றோருள் தகுதியுடையோரையே துணையாளராகப் பயிற்றுவித்தல் இன்னும் நன்று.

இளைஞருக்கு அடுத்த தவணை வரும் வெள்ளிக்கிழமை. வெளியே காத்திருக்கத் தாயார் இசைந்துள்ளார். அவரிடத்தில் யார் அமர்வதென்று இன்னும் தெரியவில்லை. என்னை அமரும்படி நிலையத்தார் கேட்டனர். இளைஞர் தலையசைத்து மறுத்துவிட்டார்.