கரு கலைந்தால் மனைவி மட்டுமா காரணம்?

கங்காதர நெல்லூர் வட்டாரத்தில் மா பூக்கும் பருவம் வந்தால் மருந்தடிக்கும் வேலையும் வந்துவிடும். தெளிப்பானை முதுகில் சுமப்பவர்கள் பெரும்பாலும் ஆண்களே. ஆனால் வீட்டில் கரு தங்காவிட்டால் பழி விழுவது மனைவி மீது. இது நியாயமா?

ஆந்திரப் பருத்தி வயல்களில் பூச்சிமருந்து அடித்த ஆண்களின் குடும்பங்களை ஐதராபாத் ஆய்வாளர்கள் ஆராய்ந்து, 1991இல் முடிவை வெளியிட்டனர். மருந்தில் புழங்காதோர் குடும்பங்களைவிட இவற்றில் கருச்சிதைவும், குழந்தை இறந்து பிறப்பதும் அதிகமாகக் காணப்பட்டன.

காரணம் விளங்காததல்ல. கருவின் மரபுப் பொருளில் பாதி தந்தை தருவது. ஒரு விந்தணு உருவாகி முதிர இரண்டரை மாதத்துக்கு மேலாகிறது. அந்நாட்களில் உடலில் சேரும் நஞ்சு அதைச் சிதைக்கக்கூடும். சிறு பழுதைக் கருமுட்டை சரிசெய்துகொள்ளும். பழுது மிகுந்தால், கர்ப்பம் தெரியுமுன்பே கருவின் வளர்ச்சி நின்றுவிடலாம்.

எல்லாக் கருச்சிதைவுக்கும் மருந்தே காரணம் எனக் கூறிவிட முடியாது. எனினும் மருத்துவரிடம் கணவனும் செல்ல வேண்டும். தன் வேலை என்னவென்று சொல்லவும் வேண்டும்.

விந்தணுக்கள் புதிதாக உருவாகிக்கொண்டே இருப்பவை. ஆகவே குழந்தை வேண்டுவோர் மூன்று மாதமாவது மருந்தடிக்காமல் இருப்பது நல்லது. அன்றாடக் கூலிக்கு அது எளிதல்ல என்பது உண்மையே. ஆனால் தெளிப்போருக்குப் பாதுகாப்பு உடையும் மருத்துவப் பரிசோதனையும் வேண்டும் என்று 1971ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகளே வகுத்துள்ளன. கையுறையும் முகமூடியும் கேட்பது சலுகை அல்ல, உரிமை.