பூங்காவுக்குப் பகலில் பூட்டு எதற்கு?

"கா" என்றால் சோலை. பூக்கள் நிறைந்த சோலை பூங்கா. ஆனால் பூவைப் பார்க்க மட்டும் பூங்காவுக்கு வருகிறவர்கள் எத்தனை பேர்? மிகவும் குறைவு. உட்கார வருகிறவர்களே அதிகம்!

ஒரு நகராட்சிப் பூங்காவைச் சுற்றி வாருங்கள். முதலில் கண்ணில் படுவது சிமெண்டு பெஞ்சு. சாய்மானத்தில் "உபயம்" என்று எழுதியிருக்கும். கீழே ஒரு கடைக்காரரின் பெயர். அல்லது மறைந்துபோன யாரோ ஒருவருடைய தாயாரின் பெயர். காலையில் அந்த பெஞ்சில் வேலையில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர்கள் நாலு பேர். கையில் இருப்பது ஒரே பத்திரிகை. ஆளுக்கு ஒரு பக்கம்!

மாலையில் அதே பெஞ்சில் கல்யாணப் பேச்சு நடக்கும். "பையன் எப்படி?" "தங்கமான பையன். ஒரு கெட்ட பழக்கமும் கிடையாது." வீட்டில் பேசினால் அக்கம்பக்கத்துக்குத் தெரிந்துவிடும். பூங்காவில் யார் கேட்கப் போகிறார்கள்?

விளக்குக் கம்பத்தின் அடியில் புத்தகமும் கையுமாக ஒரு பையன். அவன் வீட்டில் ஒரே அறை. அங்கே டெலிவிஷன் ஓடிக்கொண்டு இருக்கும். சறுக்கு மரத்தில் குழந்தைகள் கூட்டம். ஊஞ்சலுக்கு வரிசை. "நீ பத்து ஆட்டம் ஆடிவிட்டாய், இறங்கு!" என்று ஒரு சிறுமி அதட்டுகிறாள். வாயைத் திறந்துகொண்டு நிற்கும் முயல் பொம்மைக் குப்பைத் தொட்டி. "பூக்களைப் பறிக்காதீர்" என்ற பலகை. அதன் பக்கத்திலேயே பூப் பறிக்கும் பாட்டி! கேட்டால், "சாமிக்குத்தான்" என்பார்.

இனி, மரம். பழைய பூங்காக்களில் தூங்குமூஞ்சி மரத்தைப் பார்க்கலாம். மாலையானால் அதன் இலைகள் மடங்கிக்கொள்ளும். அதனால் இந்தப் பெயர். அமெரிக்கக் கண்டத்தில் இருந்து வந்த இந்த மரம், குடை விரித்ததுபோல் நிற்கும். மர நிழலுக்கும் தகரக் கூரையின் நிழலுக்கும் வித்தியாசம் உண்டு. தகரம் சூடேறி, அந்தச் சூட்டைக் கீழே இறக்கும். மரமோ வேரால் உறிஞ்சிய நீரை இலை வழியாக ஆவியாக விடுகிறது. அதனால் அதன் அடியில் காற்று குளிர்கிறது.

பூங்காக்களில் ஒரு காலத்தில் பாட்டும் கேட்டது. 1930-ல் சென்னை நகரசபை சொந்தமாக வானொலி நடத்தத் தொடங்கியது. ரேடியோப் பெட்டி வாங்கப் பணம் உள்ளவர்கள் அப்போது எத்தனை பேர்? மற்றவர்களும் கேட்கட்டும் என்று கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். ராயபுரத்தில் உள்ள ராபின்சன் பூங்காவில்தான் 1949 செப்டம்பரில் தி.மு.கழகத்தின் தொடக்கக் கூட்டம் நடந்தது. பாட்டுக்கும் பேச்சுக்கும் பூங்காதான் ஏழையின் மண்டபம்.

இவ்வளவும் இருக்கிற இடத்துக்கு, நடுப்பகலில் பூட்டு!

காலையில் சில மணி நேரம், மாலையில் சில மணி நேரம். பல ஊர்ப் பூங்காக்களில் இதுதான் வழக்கம். காலையில் நடக்க வருகிறவர்களுக்கு இது போதும். வெயில் ஏறுவதற்குள் அவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். தள்ளுவண்டியில் பழம் விற்கிறவர் எங்கே போவார்? சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோகிற இளைஞர் எங்கே உட்காருவார்? ஆஸ்பத்திரியில் நோயாளியை விட்டுவிட்டுச் சோற்றுப் பொட்டலத்தோடு வெளியே நிற்கிற வெளியூர் அம்மாள் எங்கே சாப்பிடுவார்? சித்திரை வெயிலில் நிழல் தேவைப்படும் நேரத்தில், நிழல் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

அதிகாரிகள் சொல்லும் காரணத்தையும் கேட்க வேண்டும். செடிக்குத் தண்ணீர் விட வேண்டும். கூட்டிப் பெருக்க வேண்டும். பகலில் திறந்து வைத்தால் சீட்டாட்டம் நடக்கும், குடிகாரர்கள் வந்து படுப்பார்கள் என்கிறார்கள். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் தண்ணீர் விட ஒரு மணி நேரம் போதாதா? ஒரு சீட்டாட்டக்காரனுக்காக நூறு பேரை வெயிலில் நிறுத்துவது என்ன நியாயம்? பெண்களும் குழந்தைகளும் நடமாடும் இடத்தில் குடிகாரன் படுக்க யோசிப்பான். யாருமே இல்லாத இடத்தில்தான் அவனுக்குத் தைரியம்.

மூடிவைத்த இடத்தை எவரும் தங்கள் இடம் என்று நினைப்பது இல்லை. சென்னையில் சென்ட்ரல் ரெயில் நிலையத்தின் அருகே, 1859-ல் கவர்னராக வந்த சார்லஸ் டிரெவெல்யானின் யோசனையால் "பீப்பிள்ஸ் பார்க்" அமைந்தது. அதன் பரப்பு 100 ஏக்கருக்கு மேல்! அந்த நிலத்தில் பிறகு மூர் மார்க்கெட் வந்தது. ரிப்பன் மாளிகை வந்தது. விளையாட்டு அரங்கம் வந்தது. மிருகக்காட்சிசாலை 1985-ல் வண்டலூருக்குப் போனது. கட்டியவை எல்லாம் நல்ல காரியத்துக்குத்தான். பூங்கா மட்டும் சுருங்கிப் போயிற்று.

திறந்து வைத்தால் மட்டும் போதாது. குழாயில் தண்ணீர் வர வேண்டும். கழிப்பறையைப் பூட்டி வைத்தால் பெண்கள் அரை மணி நேரத்துக்கு மேல் இருக்க முடியாது. வாசலையும் பார்க்க வேண்டும். மாடு நுழையாமல் இருக்கச் சில இடங்களில் வளைந்து வளைந்து போகும் கம்பி வழி வைத்திருக்கிறார்கள். மாடு நுழையவில்லை, சரி. சக்கர நாற்காலியும் நுழையவில்லையே! பக்கத்தில் இருக்கும் பெரிய கதவில் தொங்குகிறது பூட்டு. சாவி காவலாளியிடம். அவர் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருக்கிறார்.