ஓசி கார்டு ஓசிதானா?

எங்கள் தெரு அண்ணன் ஒருவர் எண்ணூர் பக்கம் ஒப்பந்த வேலை பார்க்கிறார். போனில் "ஃப்ரீ கார்டு சார்" என்று சொன்னதை நம்பி ஒரு கிரெடிட் கார்டு வாங்கினார். முதல் வருடம் ஒன்றும் இல்லை. இரண்டாம் வருடம் ஆண்டுக் கட்டணம் 500, அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 90, ஆக 590 ரூபாய் பில்லில் ஏறிவிட்டது. "ஓசின்னுதானே தம்பி சொன்னாங்க?" என்று என்னிடம் வந்தார். பேப்பரை எடுத்துப் பார்த்தால் "முதல் வருடம் இலவசம்" என்றுதான் போட்டிருந்தது.

இதில் மூன்று வகை இருக்கிறது. ஆயுள் முழுக்க இலவசம், முதல் வருடம் மட்டும் இலவசம், வருடத்துக்கு இவ்வளவு செலவு செய்தால் இலவசம். மூன்றாவதுதான் மோசம் என்பேன். 590 ரூபாயை மிச்சம் பிடிக்க, தேவையில்லாத பொருளை வாங்க வைக்கும்.

சரி, முதல் வகையே கிடைத்துவிட்டது, போதுமா? போதாது. ஒரு கணக்கு போடுவோம். 20,000 ரூபாய் பாக்கி. மாத வட்டி மூன்றரை சதவீதம் (பல கார்டுகளில் இதை ஒட்டித்தான் இருக்கிறது). வட்டி 700, அதற்கு வரி 126, மொத்தம் 826. ஒரு வருடக் கட்டணத்தைவிட ஒரு மாத வட்டி அதிகம்! அந்த மாதம் 1,000 ரூபாய் கட்டினால் அசலில் குறைவது வெறும் 174.

நம்ம ஏரியாவில் மாதாமாதம் ஒரே வருமானம் வருகிறவர்கள் எத்தனை பேர்? காசிமேட்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகு கடலுக்குப் போகாது, பில் மட்டும் தேதி தவறாமல் வரும். ஒப்பந்த வேலையும் அப்படித்தான், ஆர்டர் நின்றால் சம்பளம் நிற்கும். அதனால் என் கருத்து இதுதான்: முழு பாக்கியையும் ஒவ்வொரு மாதமும் கட்ட முடியும் என்றால் ஆயுள் இலவச கார்டு ஒன்று போதும். முடியாது என்றால் ஓசியில் கொடுத்தாலும் வேண்டாம்.

இன்னொரு விஷயம். ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி, பாக்கி இல்லாத கார்டை மூடச் சொன்னால் ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும். தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் நமக்குத் தர வேண்டும். கேட்காமலே கார்டு அனுப்பவும் கூடாது.

அண்ணன் 590-ஐக் கட்டிவிட்டு, மூடச் சொல்லி எழுதிக் கொடுத்தார். நாலு நாளில் மூடிவிட்டார்கள். போன 590 போனதுதான். அடுத்த முறை போன் வந்தால் "எத்தனை வருஷத்துக்கு ஃப்ரீ? எழுத்துல அனுப்புங்க" என்று கேட்கச் சொல்லியிருக்கிறேன். நீங்களும் கேளுங்கள்.