தலைகீழ் வகுப்பும் தங்க நட்சத்திரமும்

பாடத்தை வீட்டுல வீடியோவா பாத்துட்டு வரணும், வீட்டுப்பாடத்தை வகுப்புல செய்யணும். ஏழாவது படிக்கிற என் பொண்ணோட பள்ளிக்கூடத்துல இதான் இப்போ புது அவதாரம். 'ஃப்ளிப்டு கிளாஸ்ரூம்'னு பேரு. பாக்காம வந்தா டைரில 'ஆர்வமில்லை'ன்னு எழுதி அனுப்பிடறாங்க.

மக்களே, இது பிரபலமான கதை தெரியுமா? 2007-ல அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஜொனாதன் பெர்க்மன், ஆரன் சாம்ஸ்னு ரெண்டு வேதியியல் வாத்தியாருங்க. மேட்ச் அது இதுன்னு வகுப்பைத் தவறவிட்ட உயர்நிலைப்பள்ளிப் பசங்களுக்காகப் பாடத்தைப் பதிவு செய்ய ஆரம்பிச்சாங்க. கடைசியில லாபம் வீடியோ இல்லீங்க, வகுப்புல மிச்சமான நேரம். ஒவ்வொருத்தன் பக்கத்துலயும் போய் நின்னு, எங்கே முட்டுதுன்னு பாக்க முடிஞ்சுது.

இங்கே? வீடியோவையும் அனுப்பிட்டு, மறுநாள் அதே பாடத்தை முதல்லேர்ந்து நடத்துறாங்க. அப்புறம் எந்தப் புள்ள மெனக்கெட்டுப் பாக்கும்? பன்னெண்டு வயசுக்கு இந்தக் கணக்கு நல்லாவே புரியும்.

இதுக்கு வைத்தியம், பாத்தவங்களுக்குத் தங்க நட்சத்திர ஸ்டிக்கராம்! 1973-லயே லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூணு பேரும் நர்சரிக் குழந்தைங்களை வெச்சுப் பாத்தாச்சு. ஆசையா படம் வரைஞ்சிட்டிருந்ததுங்க, 'வரைஞ்சா பரிசு'ன்னு சொல்லிக் குடுத்தப்புறம் தானா வரையறதைக் குறைச்சிடுச்சுங்க.

என் பொண்ணோட தோழி வீட்டுல ஒரே போன். அப்பா ஆட்டோ ஓட்டிட்டு ராத்திரி பத்துக்குத்தான் அதோட வருவார். அவ டைரிலயும் 'ஆர்வமில்லை'தான். அநியாயமா இல்லை?

அந்த வீடியோவைப் பள்ளிக்கூடத்துலயே பாக்க அரைமணி ஒதுக்குங்க. மிச்ச நேரம் டீச்சர் பெஞ்சு பெஞ்சா வரட்டும். டைரில எழுதுறதை அப்புறம் பாத்துக்கலாம்.