குருதிக்குச் சான்று குட்டியே

“ஒரே கிளைக் குருதியே உயர்வு, கலந்தால் அரபுக் குதிரை கெடும்” என முழங்குவோர் இன்றும் உளர். ஸ்கோவ்ரோனெக் அவர்களுக்கு விடை சொல்லும்.

1909இல் அன்டோனினிப் பண்ணையில் பிறந்தது அவ்வெண்புரவி. அதன் தாய்வழியில் போலந்துப் பண்ணைகளின் பழங்குருதி ஓடிற்று. அது தூயதன்று எனப் பழித்தனர் சிலர். 1920இல் வென்ட்வொர்த் சீமாட்டி அதனை இங்கிலாந்தின் கிராபெட் பண்ணைக்கு வாங்கினார். பாலைவனத்திலிருந்தும் எகிப்திலிருந்தும் வந்த குதிரைகளின் வழித்தோன்றிய பெட்டைகளோடு இணைத்தார். அவ்விணைப்பில் 1922இல் பிறந்தது நசீம். 1936இல் சோவியத் நாடு அதனை வாங்கிற்று. மகன் நெகாத்திவ், பேரன் நபோர் என அவ்வழி புகழோங்கிற்று.

கண்மூடிக் கலப்பதை நாம் போற்றவில்லை. தேர்ந்து கலப்பதையே போற்றுகிறோம். ஒரே கிளைக்குள் மீண்டும் மீண்டும் இணைத்தால், ஈன்றோர் இருவரிடமும் மறைந்துகிடக்கும் நோய் குட்டியில் வெளிப்படும். குலப்பெருமை அக்குட்டியைக் காக்குமா? வம்சாவளி ஏட்டை மட்டும் புரட்டாதீர், குட்டியையும் பாருங்கள்!